ஐம்பதுக்கு ஐம்பத்தொன்று

மல்லசமுத்திரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இருக்கும் தண்டாயுதபாணியின் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'சேலம் – நாமக்கல் பார்லி நீர் ரசனைக் கழகம். ஏழாவது மாதாந்திரச் சுவையரங்கம். அனைவரும் வருக.' பீர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. சம்பந்தி வீட்டார் திருச்செங்கோட்டுக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போவார்கள் என்பதால், கழகத் தலைவரான தண்டாயுதபாணியே இரண்டு நாள் யோசித்து அந்தப் பெயரை வைத்திருந்தார். ஃபிளெக்ஸின் வலது மூலையில் அவர் படம். கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை, அதில் பொன்னிறத்தில் ஏதோ ஒன்று, மேலே நான்கு விரற்கடை நுரை. பார்லி நீர் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

இளஞ்செழியன் காரிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே அதைப் படித்தான். தண்டாயுதபாணி அவனுடைய தாய்மாமன். குமாரபாளையத்தில் சைசிங் மில் வைத்திருக்கிறார். அதாவது, தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கும் ஆலை. இளஞ்செழியன் பெங்களூரில் ஒரு பீர்க்கூடத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம். மூன்று வருடங்களாக அவன் மற்றவர்களின் பக்குவத்தில் பீர் காய்ச்சினான், தொட்டிகளைக் கழுவினான், மறுபடியும் மற்றவர்களின் பக்குவத்தில் காய்ச்சினான். போன மாதம் முதல் முறையாகச் சொந்தமாக ஒன்று செய்திருந்தான். கோதுமையோடு வறுத்த கம்பு, நாரத்தைத் தோல், கொஞ்சம் கொத்தமல்லி விதை. வெயிலுக்குக் குடிக்கிற மாதிரி இலேசான பீர்.

அதை வாங்கி முகர்ந்து பார்த்த முதலாளி, "இன்ட்ரஸ்டிங்" என்றார். குடிக்கவில்லை. முதலாளியின் பெயர் சரவணக்குமார். ஆனால் பெங்களூரில் எல்லோருக்கும் அவர் 'சரவ்'. முகர்ந்த பிறகு சரவ் ஒரு நிபந்தனை விதித்தார். நான்காம் நம்பர் டேங்க் திங்கட்கிழமை காலியாகிறது. அதில் ஒன்று இவனுடைய கம்பு பீர் போகும், இல்லையென்றால் சரவ் தன் கையால் பக்குவம் எழுதிய, கடையின் பெருமையான ஐ.பி.ஏ. என்ற கசப்பு பீர் இன்னொரு தடவை போகும். தொழிலில் இல்லாத பத்துப் பேர் ருசி பார்க்க வேண்டும். எந்தப் பாட்டில் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. இவனுடையது, சரவுடையது, சந்தையில் பெயர் வாங்கிய வேறொரு கம்பெனியுடையது என்று மூன்றையும் வைத்து, ஐம்பது மார்க்குக்கு அவரவர் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் தாள்கள் வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு அடுத்த வருடக் கோடைக்கு.

பெங்களூரில் இளஞ்செழியனுக்குத் தெரிந்த எல்லோரும் பீர்த் தொழிலில் இருந்தார்கள். "உன்ற மாமன்தான் பத்துப் பேரைச் சேத்திட்டு மாசமாசம் மார்க்குப் போடறாராமா, அங்க கொண்டுபோயேன்" என்று அம்மாதான் போனில் சொன்னாள். ஓசூர் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே, மூன்று வகையிலும் நான்கு நான்கு பாட்டிலாக அவன் கொண்டுவந்தது அந்த நம்பிக்கையில்.

உள்ளே ஏ.சி. ஓடும் கூடத்தில் கழகம் முழுவதும் கூடியிருந்தது. பத்துப் பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒவ்வொருவர் முன்னாலும் குட்டையான காம்பு வைத்த மூன்று கண்ணாடிக் கோப்பைகள். தண்டாயுதபாணி எழுந்து வந்து மருமகனின் தோளைத் தொட்டார்.

"வா மாப்ள. நீ வருவேன்னு புதுசா டியூலிப் கிளாஸ் எறக்கியிருக்கறேன். இதுல ஊத்துனாத்தான் அரோமா மேல வரும். வீடியோவுல ஒரு வெள்ளக்காரன் சொன்னான்."

"சரிங்க மாமா."

"பாரு, இப்பிடிச் சுத்தோணும்." காலிக் கோப்பையைச் சுற்றிக் காட்டினார். "மூணு சுத்து. அப்பறம் மூக்கு. அப்பறம் நாக்கு. அப்பறம் கண்ண மூடிட்டு ஒரு நிமிசம்."

அவர் கண்ணை மூடினார். கழகமும் மூடியது. அந்த ஒரு நிமிடத்தில் இளஞ்செழியன் மேசையைப் பார்த்தான். நான்கு தட்டுகளில் பள்ளிபாளையம் சிக்கன், மிளகாய் சிவக்கச் சிவக்க. இரண்டு தட்டுகளில் குடல் வறுவல். நடுவே சேலத்திலிருந்து வாங்கி வந்த தட்டுவடை செட், பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் வழிய.

"மாமா, ருசி பாக்கறதுக்கு முன்னால இதெல்லாம் சாப்பிட்டா நாக்கு மரத்துப் போயிருமுங்க. வெறும் ரொட்டித் துண்டு போதுமுங்க."

"வெறும் ரொட்டியா?" என்றார் தீர்த்தகிரி. திருச்செங்கோட்டுக்காரர், ஆறு ரிக் லாரிகளுக்கு முதலாளி. ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு வட இந்தியா முழுவதும் பார்த்தவர். "காய்ச்சல்காரனுக்குக் குடுக்கறதையாப்பா எங்களுக்குக் குடுக்கறே?"

"ரெண்டு மணி நேரந்தானுங்க."

"அதுவரைக்கும் கோழி ஆறிப் போயிருமே," என்றார் வேலுமணி. அவர் கோழிப்பண்ணைக்காரர்; கோழியைப் பற்றிய கவலை அவருக்குத்தான் வர வேண்டும்.

இளஞ்செழியனின் அத்தை உஷாராணி அடுப்படி வாசலில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "குடுங்க. பையன் பொழப்பு இதுல கெடக்குதாமா. ரெண்டு மணி நேரம் திங்காம இருந்தா ஒண்ணும் எளைச்சிர மாட்டீங்க." தட்டுவடைத் தட்டை மட்டும் யாரோ பிடித்துக்கொண்டார்கள். அது மேசையிலேயே தங்கியது.

தண்டாயுதபாணி பெருமையோடு கழகத்தின் மார்க் நோட்டை எடுத்துவந்து மருமகனிடம் கொடுத்தார். ஆறு மாதத் தீர்ப்புகள். ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று உறுப்பினர்கள் ஆளுக்கொரு வகை கொண்டுவர, மற்றவர்கள் ருசித்து மார்க் போட்டிருந்தார்கள். முதல் மாதப் பக்கத்தைப் பார்த்ததும் இளஞ்செழியனுக்குத் தெம்பு வந்தது. தீர்த்தகிரி கொண்டுவந்த கறுப்பு பீருக்குத் தலைவர் 31. ஐம்பதுக்கு முப்பத்தொன்று, நியாயமான மார்க். இரண்டாம் மாதம் தலைவர் கொண்டுவந்த கோதுமை பீருக்குத் தீர்த்தகிரி 35. மூன்றாம் மாதம் தீர்த்தகிரிக்குத் தலைவர் 41. நான்காம் மாதம் தலைவருக்குத் தீர்த்தகிரி 45. ஐந்தாம் மாதத்திலிருந்து நோட்டில் வேறு எண்ணே இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் 51.

"மாமா, ஐம்பதுக்குத்தானுங்களே மார்க்கு?"

"ஆமா."

"எல்லாருக்கும் அம்பத்தொண்ணு போட்டிருக்குதுங்களே."

"அம்பதுன்னு எப்பிடி மாப்ள எழுதறது? சைபர்ல முடியுது. நல்லாவா இருக்கும்?"

இளஞ்செழியன் நோட்டை மூடினான். மூளையின் ஓர் ஓரத்தில் ஏதோ இடறியது. பிறகு விளங்கியது. விசேஷ வீட்டில் மொய் எழுதுகிறவன் இரண்டு விஷயங்களைக் கவனிப்பான். தனக்கு எழுதியவருக்குக் குறையாமல் எழுத வேண்டும், கொஞ்சம் கூட்டி எழுதினால் இன்னும் மரியாதை. எண் மொட்டையாக நிற்கக் கூடாது, ஒன்று சேர்க்க வேண்டும். இந்தப் பத்துப் பெரிய மனிதர்களும் கோப்பையை மூன்று சுற்றுச் சுற்றி, முகர்ந்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் தவமிருந்து, ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவன் நோட்டை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தான். அப்புறம் ஆறுதலாக ஒன்று தோன்றியது. இன்று யாருடையது என்றே தெரியப் போவதில்லையே. ஆள் தெரியாத இடத்தில் மொய் எழுத முடியாது.

பாட்டில்களின் கழுத்தில் சரவ் பார்க்கவே நூல் கட்டியிருந்தான். லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பெனி பீருக்குச் சிவப்பு நூல், சரவின் ஐ.பி.ஏ.வுக்கு நீல நூல், தன்னுடையதுக்குப் பச்சை. எழுந்து நின்று தெளிவாகச் சொன்னான்.

"இதுல ஒண்ணு நான் காச்சுனதுங்க. மத்த ரெண்டும் வேற எடத்துல காச்சுனது. எது எதுன்னு சொல்ல மாட்டேனுங்க. குடிச்சுப் பாத்துப்போட்டு, நாக்குக்கு எப்பிடிப் பட்டுதோ அப்பிடியே மார்க்குப் போடுங்க. என்ற வேலை இதுலதான் இருக்குது. அஞ்சு மணிக்குள்ள அனுப்போணும்."

பத்துப் பேரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். அதை அவன் கவனம் என்று எடுத்துக்கொண்டான்.

"யாருதுன்னு தெரியாம எப்பிடிப்பா மார்க்குப் போடறது?" என்றார் வேலுமணி.

"ருசியை வெச்சுத்தானுங்க."

"ருசி சரி. ஆளு?"

"ஆளு வேண்டாமுங்க."

"அது எப்பிடி ஆளு வேண்டாமுங்கறே? பத்திரிகையே வெக்காத ஊட்டுக்குப் போயி உக்காந்தாப்பல இருக்குதே."

தண்டாயுதபாணி கையை உயர்த்தினார். "விடுங்க. பிளைண்டு டேஸ்டிங்கும்பாங்க. வெளிநாட்டுல இப்பிடித்தான். நானே அடுத்த மாசம் கொண்டாரலாம்னு இருந்தேன்." அவர் முகத்தில் வெளிநாடு தெரிந்தது. குரலில் மட்டும் லேசான பயம்.

சிவப்பு நூலை முதலில் ஊற்றினான். சுற்றினார்கள், முகர்ந்தார்கள், கண்களை மூடினார்கள், குடித்தார்கள். "பரவாயில்ல" என்றார் தீர்த்தகிரி. "எங்கயோ குடிச்சாப்பல இருக்குது" என்றார் இன்னொருவர். எங்கேயோ குடித்ததுதான், எல்லா ஊரிலும் கிடைப்பது.

அடுத்து நீலம். சரவின் ஐ.பி.ஏ. பெங்களூரில் இதற்காகவே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. குடித்தவர்கள் 'பைன் மரம்', 'பம்ப்ளிமாஸ் தோல்' என்றெல்லாம் இணையத்தில் எழுதுவார்கள். தண்டாயுதபாணி ஒரு மடக்கு உள்ளே விட்டார். மூடிய கண்கள் தாமாகத் திறந்தன. வேலுமணி கைக்குட்டையைத் தேடினார். தீர்த்தகிரி தட்டுவடையை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாயில் போட்டுக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் விழுங்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது பச்சை. இளஞ்செழியன் ஊற்றியபோது நுரை கொஞ்சம் மேசையில் வழிந்தது. இந்த முறை யாரும் கண்ணை மூட மறந்துவிட்டார்கள். சுற்றவும் இல்லை. வேலுமணி கோப்பையைக் காலி செய்துவிட்டு, அதை முன்னால் தள்ளினார். தீர்த்தகிரியும் தள்ளினார். "இன்னொருக்கா ஊத்து, சரியாப் பிடிபடல" என்றார் தலைவர். இன்னொரு தடவை ஊற்றினான். அதுவும் சரியாகப் பிடிபடவில்லை. நான்கு பாட்டில்களும் தீர்ந்த பிறகு, கடைசிப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தவர் தீர்த்தகிரிதான்.

இளஞ்செழியன் வெளியே வந்து மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்க் போடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது சரவ் சொன்ன விதி. மூன்று வருடத்தில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உள்ளே முணுமுணுப்பு கேட்டது. அவர்கள் விவாதிக்கிறார்கள், ருசியைப் பற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். மாமாவைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிடம் வருந்தினான்.

நான்கேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பத்துத் தாள்கள், அழகாக அடுக்கி, மேலே ஒரு வெற்றிலை வைத்து. வெற்றிலையை எடுத்துவிட்டுப் படித்தான்.

சிவப்பு 21. நீலம் 51. பச்சை 21.

அடுத்த தாள். சிவப்பு 21. நீலம் 51. பச்சை 21.

பத்துத் தாளிலும் அதுவே. பச்சைக்குக் கீழே, கருத்து எழுதும் இடத்தில், 'நல்ல சரக்கு. கம்பெனி சரக்கு' என்று வேலுமணி எழுதியிருந்தார். நீலத்துக்குக் கீழே எல்லோருமே நிறைய எழுதியிருந்தார்கள். 'அருமை.' 'முயற்சி திருவினையாக்கட்டும்.' தண்டாயுதபாணி தன் தாளில், 'மேன்மேலும் வளர வாழ்த்தும் தாய்மாமன்' என்று எழுதி, சைசிங் மில்லின் முத்திரையும் குத்தியிருந்தார்.

"மாமா," என்றான். "நீலம் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

தண்டாயுதபாணி அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "மாப்ள, மனசுல வெச்சுக்காதே. எடுத்த ஒடனே யாருக்கும் வந்தறாது. கொஞ்சம் கசப்பைக் கொறச்சுக்கோ. மத்தபடி ஒண்ணுமில்ல."

"நீலம் என்றதுன்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லோணும்? உக்காந்து யோசிச்சோம். சிவப்பும் பச்சையும் நல்லா இருந்துது. அதுலயும் பச்சை இருக்குதே, அடேயப்பா. சரி, நல்லா இருக்கறதெல்லாம் கம்பெனிக்காரன் காச்சுனதாத்தான இருக்கோணும்? வாயில வெக்க முடியாதது எதுவோ அது நம்ம பையனுது. பத்துப் பேரும் ஒரே முடிவு. ஆளுக்காளு அம்பத்தொண்ணு போட்டுட்டோம். கம்பெனிக்காரனுக்கு எதுக்கு நம்ம மரியாதை? இருவத்தொண்ணு போதும்."

ஆறு மாதத்தில் முதல் முறையாகக் கழகம் உண்மையிலேயே ருசி பார்த்திருக்கிறது. மூன்றையும் துல்லியமாகத் தரம் பிரித்திருக்கிறது. அப்படிப் பிரித்த பிறகு அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறது.

"பச்சைதானுங்க மாமா என்றது."

தண்டாயுதபாணி கையை எடுத்தார். செய்தி மேசையைச் சுற்றிப் போயிற்று. ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டுப் பையனுக்கு இருபத்தொன்று. பந்தியில் சொந்தக்காரனை எழுப்பிவிட்டு வழிப்போக்கனை உட்கார வைத்தது போல எல்லோரும் குமைந்து போனார்கள்.

"மறுபடி எழுதிக் குடுத்தர்றோம். தாளைக் கொண்டா," என்றார் தீர்த்தகிரி.

"உண்மையான மார்க்கு எழுதுங்க. பச்சை நல்லா இருந்துதுன்னா அதுக்கு ஒரு நாப்பது. நீலத்துக்கு ஒரு பதினஞ்சு. அவ்வளவுதானுங்க."

"நீலத்துக்கு எப்பிடிக் கொறைக்கறது?"

"அடிச்சுப்போட்டு எழுதுங்க."

"எழுதுனதை அடிக்கறதா?" வேலுமணி மற்றவர்களைப் பார்த்தார். "யாரோ எவரோ, அந்தாளுக்கு அம்பத்தொண்ணுன்னு எழுதியாச்சு. எழுதுனதைத் திருப்பி வாங்குனா நல்லாவா இருக்கும்? அது அப்பிடியே இருக்கட்டும். தம்பிக்கு வேணும்னா கூட்டிப் போட்டர்லாம்."

"எத்தன?" என்றார் தலைவர்.

"நூத்தியொண்ணு."

"ஐம்பதுக்குங்க," என்றான் இளஞ்செழியன். "மொத்த மார்க்கே ஐம்பதுங்க. ஐம்பதுக்கு நூத்தியொண்ணு எப்பிடிங்க வரும்?"

"மனசு இருந்தா வராதா?" என்றார் தண்டாயுதபாணி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதுதான் இளஞ்செழியனுக்குத் தாங்கவில்லை. திட்டலாம் என்றால், இவர்கள் அத்தனை பேரும் அவன்மேல் உள்ள பாசத்தில்தான் அவன் பிழைப்பைக் கெடுத்திருந்தார்கள்.

உஷாராணி அடுப்படியிலிருந்து சிக்கன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். "பத்துப் பேரு சேந்து ஒரு பாட்டிலுக்கு மார்க்குப் போட முடியல. இவங்க போன பொங்கலுக்குக் கோலப்போட்டிக்கு ஜட்ஜாம். எல்லாக் கோலத்துக்கும் மொதல் பரிசு. பரிசுக் குத்துவிளக்கு பத்தாம கடைக்கு ஓடுனாங்க."

மணி நான்கு ஐம்பது. மேசையில் இருந்த இளஞ்செழியனின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவன் எட்டுவதற்குள், ஏதாவது ஒரு விதத்தில் மருமகனுக்கு உதவியே தீர வேண்டும் என்ற வெறியில் இருந்த தண்டாயுதபாணி அதை எடுத்துவிட்டார். திரையில் ஒரு தொப்பி, அதன் கீழ் நறுக்கிய தாடி, பின்னால் பளபளக்கும் செம்புத் தொட்டிகள்.

"ஹாய். இளா இருக்காரா? ஷீட்ஸ் இன்னும் வரலை," என்றது தாடி.

"வணக்கமுங்க. நானு அவன்ற தாய்மாமனுங்க. கழகத் தலைவருங்க."

"ஓ, கிரேட். டேஸ்டிங் எப்படிப் போச்சு, சார்? நீலம் எப்படி இருந்தது? மறைக்காம சொல்லுங்க."

"மாமா, போனைக் குடுங்க," என்றான் இளஞ்செழியன். மேசை குறுக்கே இருந்தது. நீலம் யாருடையது என்பதை அவன் இன்னும் இங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"நீலத்த மட்டும் கேக்காதீங்க," என்றார் தண்டாயுதபாணி. "சிக்கன்குனியா வந்தப்பக் குடுத்தாங்களே நெலவேம்புக் கசாயம், அதுல பெயிண்டைக் கலந்தாப்பல இருக்குதுங்க. எந்தப் புண்ணியவான் காச்சுனானோ, அவன் ஒரு வாய் குடிச்சுப் பாத்திருப்பானான்னு எங்களுக்கெல்லாம் சந்தேகமுங்க. ஆனா பாருங்க, அதுதான் நம்ம பையனுதுன்னு நெனச்சு எல்லாரும் அம்பத்தொண்ணு போட்டுட்டோம். பச்சைதான் அவனுதாமா. அது தேனாட்ட இருந்துது. நாலு பாட்டிலும் காலி. தப்பு எங்க பேருலதானுங்க, பையனை ஒண்ணும் சொல்லீராதீங்க."

இளஞ்செழியன் மேசையைச் சுற்றி ஓடி வந்து போனைப் பிடுங்கியபோது திரை அசையாமல் இருந்தது. இணைப்புதான் நின்றுவிட்டதோ என்று நினைத்தான். இல்லை, சரவ்தான் அசையவில்லை.

"ஷீட்டைக் காட்டு," என்றார்.

காட்டினான். ஒவ்வொன்றாக.

"மேசையைக் காட்டு."

அதையும் காட்டினான். பச்சை நூல் கட்டிய நான்கு காலிப் பாட்டில்கள். நீல நூல் கட்டியதில் ஒன்று காலி, ஒன்று பாதி, இரண்டு திறக்காதவை. பத்துக் கோப்பைகளில் ஒரு மடக்கு மட்டும் குறைந்த ஐ.பி.ஏ., நுரை அடங்கி, ஒன்றில் தட்டுவடை விழுந்து ஊறிக்கொண்டிருந்தது.

திரையில் செம்புத் தொட்டிகள் நகர்ந்தன. சரவ் நடந்து போய் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி மூட்டைகள் அடுக்கிய சரக்கறை. தொப்பியைக் கழற்றினார். நடுமண்டையில் முடி இல்லை என்பது இளஞ்செழியனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏம்ப்பா," என்றார் தாழ்ந்த குரலில். பெங்களூர் முழுவதும் அந்தக் குரலிலிருந்து இறங்கிப் போயிருந்தது. "நானு ராசிபுரத்தானப்பா. என்ற ஊட்டு விசேசத்துல பாக்காத அம்பத்தொண்ணா? எனக்கே மொய் எழுதிப்போட்டாங்களா?"

"அவங்களுக்கு எதுவும் தெரியாதுங்க சார்."

"தெரியாமதான் உண்மையைச் சொல்லியிருக்கறாங்க." கொஞ்ச நேரம் மால்ட் மூட்டையைப் பார்த்தார். "பெயிண்டுன்னு சொன்னாரு, இல்ல?"

"ஆமாங்க."

"கேட்டுது." மறுபடியும் மூட்டை. "சரி. நாலாம் நம்பர் டேங்க்ல உன்றதைப் போட்டுக்கோ. ஒரு தடவ. ஓடுனாப் பாக்கலாம்."

"சரிங்க சார்," என்றான் இளஞ்செழியன்.

"ஆனா அந்தப் பத்துத் தாளும் எனக்கு வேணும். ஒரிஜினல். அடித்தல் திருத்தல் இல்லாம. உன்ற மாமன் சீல் குத்தியிருக்கறாரே, அதுதான் முக்கியம். அம்பதுக்கு அம்பத்தொண்ணு, பத்துக்குப் பத்துப் பேரு. ஃப்ரேம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால மாட்டறேன். பச்சை, சிவப்பு வர்ற எடத்தை மறைச்சுக்கலாம். அவங்க வாயில சொன்னது வெளிய வரக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

சரவ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆசம், இளா. சீ யூ டுமாரோ," என்றார். திரை அணைந்தது.

இளஞ்செழியன் நாற்காலியில் உட்கார்ந்தான். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. இனி அவன் காய்ச்சிய பீரைக் குடிக்க வருகிறவர்கள், அதற்கு இருபத்தொன்று போட்ட அதே தாளுக்குக் கீழே நின்று, பக்கத்துக் குழாயில் வரும் ஐ.பி.ஏ.வை வாங்கிக் குடிப்பார்கள். பைன் மரம் என்பார்கள்.

"யாரு சாமி அது?" என்றார் தண்டாயுதபாணி.

"நீலம் காச்சுனவருங்க மாமா. எங்க மொதலாளி."

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றது.

"அடக் கெரகமே," என்றார் தலைவர் மெதுவாக. "அப்ப உன்ற வேலை?"

"டேங்க் குடுத்துட்டாருங்க."

"குடுத்துட்டாரா?" அவர் முகம் விரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா. நாம அம்பத்தொண்ணு போட்டதுக்குத்தான். அந்தத் தாளை அடிச்சுத் திருத்தச் சொன்னியே, திருத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பத்துத் தலைகளும் ஆடின. இளஞ்செழியன் தாள்களை அடுக்கி ஓர் உறைக்குள் போட்டான்.

"சரி, அவரு எப்பத் திருப்பிப் போடுவாரு?" என்றார் வேலுமணி, எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு.

"எதைங்க?"

"நாம போட்டிருக்கோமில்ல, பத்துப் பேரு. அவரு நமக்குத் திருப்பிப் போடோணுமில்ல. ராசிபுரத்துக்காரரு, மொறை தெரியாமயா இருக்கும்?"

"நீங்கதான் ஒண்ணும் காச்சறதில்லைங்களே. அவரு எதுக்குங்க மார்க்குப் போடுவாரு?"

இது நியாயமான கேள்வி என்று கழகத்துக்கே பட்டது. பிறகு தண்டாயுதபாணி மேசையைத் தட்டினார்.

"மில்லுல கஞ்சி காச்சற கொப்பரை இருக்குது. ஆயிரம் லிட்டர். ஸ்டீம் லைனு அதுக்குள்ளயே போகுது. ஞாயித்துக்கெழமையானா சும்மாதான் கெடக்குது. பீருங்கறதும் ஒரு வகைல கஞ்சிதான, மாப்ள?"

"மாமா, லைசன்ஸ் இல்லாம காச்சுனா உள்ள வெப்பாங்க."

"பார்லி நீருன்னு ஃபிளெக்ஸ்லயே போட்டிருக்குதே."

"அந்தக் கொப்பரையில நூல் பசை வாசம் போகாதுங்க."

"அது ஒரு நோட்டாட்ட வந்துட்டுப் போகுது," என்றார் தீர்த்தகிரி. பீரில் தெரியும் ஒவ்வொரு ருசியையும் வீடியோவில் வெள்ளைக்காரன் நோட் என்றுதான் சொல்வானாம்.

இளஞ்செழியன் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். உஷாராணி பத்துக் கோப்பை ஐ.பி.ஏ.வையும் ஒரு வாளியில் கொட்டி, செம்பருத்திச் செடி வரைக்கும் கொண்டுபோய், அதற்கு ஊற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றிருந்தாள். உள்ளேயிருந்து மாமாவின் குரல் துரத்தி வந்தது.

"மாப்ள, போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லீட்டுப் போ. பார்லிய ஊற வெச்சு ஆட்டோணுமா, இல்ல அப்பிடியே போடலாமா?"